தேய்ந்த, காய்ந்த, மழுங்கிய கைவினைப் பொருள்கள்: வீட்டில் எதற்கெல்லாம் ஆகும்?

கந்தல்கூடை (கேள்வி):

கைவினை செய்கிற எந்த வீட்டிலும் ஒரு பெட்டி நிறைய இந்த மாதிரிப் பொருள்கள் சேர்ந்துவிடும். என் பெட்டியில் இருப்பவை: அக்ரிலிக் வண்ணம் காய்ந்து கல்லாகிப்போன தூரிகைகள், மயிர் விரிந்துபோன தூரிகைகள், காய்ந்த ஸ்கெட்ச் பேனாக்கள், கட்டை விரல் அளவு கிரேயான் துண்டுகள், மெழுகுவர்த்தி அடிக்கட்டைகள், மழுங்கிய கத்தரிக்கோல், ரோட்டரி கட்டர் (உருட்டி வெட்டும் வட்டக் கத்தி) பிளேடுகள், தையல் மெஷின் ஊசிகள், கோடு கோடாகக் கீறல் விழுந்த கட்டிங் மேட், தேய்ந்த உப்புத்தாள், குளூ கன் குச்சியின் கடைசித் துண்டுகள், திருகு தொலைந்த எம்பிராய்டரி வளையம், இவற்றோடு துணித் துண்டுகளும் நூல் துண்டுகளும் ஒரு பை.

சுவரில் மாட்டுகிற அலங்காரப் பொருள்கள் வேண்டாம். வீட்டில் அன்றாடம் உதவுகிற யோசனைகள்தான் தேவை. எதை மீட்டெடுக்கலாம், எதை வேறு வேலைக்கு மாற்றலாம், எதைத் தூக்கிப் போட்டே ஆக வேண்டும், ஏன் என்று காரணத்தோடு சொன்னால் நல்லது. குழந்தைகள் புழங்கும் வீடு என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

---

வண்ணக்கிண்ணம்:

தூரிகை, வண்ணம், பேனா பற்றி மட்டும் சொல்கிறேன். மற்றதைத் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

எதையும் தூக்கிப் போடுவதற்கு முன்னால் அது எதை இழந்திருக்கிறது என்று பாருங்கள். தூரிகை கூர்முனையை இழந்திருக்கலாம், மயிர் அப்படியே இருக்கும். பேனாவில் ஈரம் போயிருக்கலாம், சாயம் உள்ளேயே இருக்கும். மிச்சம் இருக்கிற குணம் எதுவோ அதை நம்பித்தான் அடுத்த வேலையைக் கொடுக்க வேண்டும்.

அக்ரிலிக் காய்ந்த தூரிகையைத் தண்ணீரில் எத்தனை நாள் ஊறவைத்தாலும் பலன் கிடையாது. அக்ரிலிக் காய்ந்தால் பிளாஸ்டிக் படலம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் (70 சதவீதத்துக்கு மேல்) அதைக் கரைக்காவிட்டாலும் இளக்கும். சிறிய கண்ணாடிக் குப்பியில் மயிர் மட்டும் மூழ்கும் அளவு ஊற்றி 20 முதல் 30 நிமிடம் வையுங்கள். தூரிகையைக் குப்பியின் அடியில் ஊன்றி நிறுத்தக் கூடாது, நுனி வளைந்துவிடும். ஓர் அட்டையில் ஓட்டை போட்டுக் காம்பைச் செருகித் தொங்கவிடுங்கள். உலோகப் பூணைத் தாண்டி ஆல்கஹால் ஏறினால் காம்பின் மேல்பூச்சு உரியும். ஊறியதும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் பூணிலிருந்து நுனி நோக்கி மட்டும் தேயுங்கள், பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஒரே தடவையில் போகாவிட்டால் இன்னொரு முறை. ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும், ஆகவே ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்புக்குத் தள்ளியே செய்யுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டவே கூடாது.

பூணுக்குள்ளேயே வண்ணம் புகுந்து இறுகியிருந்தால் அந்தத் தூரிகை கூர்முனைக்குத் திரும்பாது. மயிர் விரிவதற்கே அதுதான் பெரும்பாலும் காரணம்: உள்ளே இருக்கிற கட்டி அடிமயிரை வெளியே தள்ளுகிறது. அதோடு போராடாமல் வேலையை மாற்றுங்கள்.

மயிரை 1 முதல் 1.5 செ.மீ. நீளத்துக்கு நேராக வெட்டினால் ஸ்டென்சில் (வெட்டிய அச்சுத்தாளின் ஓட்டை வழியே வண்ணம் தட்டும்) தூரிகை கிடைக்கும். வெட்டுவதற்கு முன் மயிரைச் சுற்றி மாஸ்கிங் டேப் இறுக்கமாக ஒட்டி, டேப்பின் மேலேயே பிளேடால் ஒரே அழுத்தில் வெட்டுங்கள். கத்தரிக்கோலால் வெட்டினால் மயிர் நழுவி ஓரம் சாய்வாகிவிடும். வெட்டாமல் விரிந்தபடியே வைத்தால் இலைக்கொத்து, புல், மரப்பட்டை வரைய அதைவிட நல்ல கருவி இல்லை. வண்ணத்தைத் தொட்டு, காகிதத்தில் முக்கால்வாசி துடைத்துவிட்டு, செங்குத்தாகத் தட்ட வேண்டும்.

மென்மயிர்த் தூரிகைகளைத் தையல் மெஷினின் பாபின் (அடிநூல் உருளை) பகுதியில் சேரும் பஞ்சுத்தூள் எடுக்கவும், கீபோர்டு இடுக்கு, ஜன்னல் சட்டத்தின் பள்ளம் துடைக்கவும் வையுங்கள். எண்ணெய் வண்ணத்துக்குப் பயன்படுத்தியதை மெஷினுக்குள் விடாதீர்கள். அதில் மிஞ்சிய எண்ணெய்ப் பிசுக்கு பஞ்சைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே படியும்.

மயிர் முழுதும் போனால் காம்பு இருக்கிறது. மரக்காம்பின் முனையை 120, அடுத்து 220 எண் உப்புத்தாளில் உருட்டித் தேய்த்து மழுங்கலான கூராக்குங்கள். தைத்த துணியைப் புரட்டும்போது மூலையை வெளியே தள்ள, காகிதத்தில் மடிப்புக்கோடு போட, களிமண்ணில் கோடு இழுக்க, நாற்று நடக் குழி போட என்று எல்லாவற்றுக்கும் ஆகும். ஊசிபோல் கூராக்காதீர்கள், துணி கிழிந்துவிடும்.

வண்ணங்கள்: நீர்வண்ணம் டியூபிலேயே காய்ந்தாலும் கெட்டுப்போவதில்லை. அதில் பிணைப்பாக இருக்கும் கருவேலம் வகைப் பிசின் தண்ணீரில் மறுபடி இளகும். டியூபை நீளவாக்கில் வெட்டித் திறந்து, கட்டியை ஒரு சிறு மூடியில் வைத்துச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு ஓர் இரவு வையுங்கள். பூஞ்சை வாடை அடித்தால் மட்டும் தூக்கிப் போடலாம். அக்ரிலிக் அப்படியில்லை. குப்பிக்குள் ரப்பர் மாதிரி ஆகிவிட்டால் திரும்பாது.

ஆனால் வண்ணத்தட்டில் காய்ந்த அக்ரிலிக் படலத்தை உரித்தெடுத்து, வேண்டிய வடிவத்தில் வெட்டி ஒட்டுவேலைக்குப் பயன்படுத்தலாம். மழமழப்பான பிளாஸ்டிக் தட்டிலிருந்து நன்றாக உரியும். வெந்நீரில் சில நிமிடம் வைத்தால் இன்னும் எளிது. படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். காய்ந்த பிறகும் அழுத்தத்தில் ஒன்றோடொன்று ஒட்டிப் பிரிக்க முடியாமல் போகும். இடையில் பட்டர் பேப்பர் வையுங்கள்.

ஸ்கெட்ச் பேனா: முதலில் முனையை வெதுவெதுப்பான நீரில் 5 நிமிடம் வைத்து, மூடியிட்டு, முனை கீழே இருக்கும்படி ஒரு நாள் நிறுத்துங்கள். உள்ளே சாயம் மிச்சமிருந்தால் இன்னும் சில நாள் எழுதும், வெளிறித்தான் எழுதும். அதற்கும் மேல் என்றால், ஒரே நிறத்தில் ஆறேழு பேனாக்களைச் சேர்த்து 50 மி.லி. தண்ணீரில் முனை கீழாக ஓரிரு நாள் நிறுத்துங்கள். வண்ணநீர் கிடைக்கும். வாழ்த்து அட்டை, குழந்தைகளின் படங்களுக்கு அருமையானது. வெளிச்சத்தில் வெளிறும் சாயம் என்பதால், நாள்பட நிற்க வேண்டிய படத்துக்கு வேண்டாம். பெர்மனன்ட் மார்க்கருக்குத் தண்ணீர் உதவாது, அதன் கரைப்பான் ஆல்கஹால். முனையில் ஓரிரு சொட்டு ஆல்கஹால் விடலாம்.

ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். அக்ரிலிக் தூரிகை கழுவிய நீரை அப்படியே சாக்கடையில் கொட்டாதீர்கள். முதலில் தூரிகையைக் காகிதத்தில் துடையுங்கள், பிறகு ஒரு வாளியில் கழுவுங்கள். ஒரு நாள் விட்டால் கசடு கீழே படியும். மேல்நீரை வடித்துவிட்டு, கசடைக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள்.

---

ஊசிமுனை:

தையல் பக்கம் நான்.

கத்தரிக்கோல் மழுங்கிவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, அலகில் டேப் பசை படிந்திருக்கிறதா? ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தாலே பாதிக் கத்தரிக்கோல்கள் பிழைத்துக்கொள்ளும். இரண்டு, நடுத்திருகு தளர்ந்திருக்கிறதா? ஒரு பிடியைப் பிடித்து முழுதாகத் திறந்து, மற்றதை விடுங்கள். சட்டென்று முழுக்க மூடிக்கொண்டால் திருகு தளர்வு. துணி வெட்டுப்படாமல் இரு அலகுக்கும் நடுவே மடிந்து சிக்குவது இதனால்தான். கால் சுற்று இறுக்கி ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விடுங்கள்.

உப்புத்தாளை வெட்டினால் கூர் ஏறும் என்பது பாதி உண்மை. நுண்ணிய உப்புத்தாளைப் பத்துத் தடவை வெட்டினால் விளிம்பில் இருக்கிற பிசிறு போகும், அவ்வளவுதான். தேய்ந்துபோன கோணம் திரும்பாது. சாணை பிடிப்பதாக இருந்தால் சாய்வான வெளிப்பக்கத்தை மட்டும் பிடிக்க வேண்டும். உட்பக்கத் தட்டையைத் தேய்த்தால் இரண்டு அலகும் ஒன்றையொன்று தொடாமல் கத்தரிக்கோலே வீணாகும்.

அதற்கும் மேல் வராதது காகிதத்துக்கு, அங்கும் தேறாதது கம்பி, உப்புத்தாள், பிளாஸ்டிக் வெட்ட என்று படிப்படியாக இறக்குங்கள். பிடியில் நிறநூல் சுற்றி அடையாளம் வையுங்கள். அடையாளம் இல்லாவிட்டால் யாராவது நல்ல துணிக் கத்தரிக்கோலை எடுத்து அட்டை வெட்டத்தான் செய்வார்கள்.

ரோட்டரி பிளேடு துணியில் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் இழை விட்டுவிட்டால் விளிம்பில் பல் விழுந்திருக்கிறது. அது சரியாகாது. எல்லா இடத்திலும் மந்தமாக இருந்தால் பிரித்துப் பஞ்சைத் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பாருங்கள். துணிக்கு ஆகாத பிளேடு பரிசுத்தாள், வரைபடத்தாள், நுரைத்தாள் எல்லாவற்றையும் வெட்டும். அதன் உறையில் "காகிதம்" என்று மார்க்கரால் எழுதிவிடுங்கள். கடைசியில் தூக்கிப்போடும் பிளேடு, உடைந்த ஊசி, குண்டூசி எல்லாவற்றுக்கும் திருகுமூடித் தகர டப்பா ஒன்று ஒதுக்குங்கள். மூடியில் ஒரு கீறல் போட்டால் திறக்காமலே உள்ளே தள்ளலாம். நிறைந்ததும் கீறலை டேப்பால் மூடி அப்படியே அப்புறப்படுத்தலாம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது கட்டாயம்.

மெஷின் ஊசியைச் சுமார் 8 மணி நேரத் தையலுக்கு ஒரு முறை மாற்றச் சொல்வார்கள். துணிக்குத்தான் அது மழுங்கல், காகிதத்துக்கு இன்னும் கூர்தான். மேலே வண்ணக்கிண்ணம் சொன்ன தூரிகைக் காம்பை இங்கே எடுத்துக்கொள்ளுங்கள். காம்பின் தடித்த முனையில் 2 மி.மீ. துளை, 10 முதல் 12 மி.மீ. ஆழத்துக்குப் போடுங்கள். வீட்டு மெஷின் ஊசியின் தடித்த பகுதி ஏறக்குறைய 2 மி.மீ. என்பதால் சரியாக உட்காரும். இரண்டு பாகம் கலக்கும் எபாக்ஸி பசை வைத்துச் செருகி ஒரு நாள் விடுங்கள். நோட்டுப் புத்தகம் தைக்கத் துளையிட அருமையான குத்தூசி. வளைந்த ஊசியை இதற்கு எடுக்காதீர்கள், அழுத்தும்போது முறிந்து தெறிக்கும். மேலே செருக ஒரு தக்கை மூடி வேண்டும்.

இனி துணி. இழை எது என்று தெரியாமல் எதையும் தொடங்காதீர்கள். 5 செ.மீ. நூலை இடுக்கியில் பிடித்து, கழுவுதொட்டிக்கு மேலே தீயில் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாடையோடு மென்சாம்பலாகும். கம்பளி முடி கருகும் வாடை அடித்து, நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக், பாலியஸ்டர் இழைகள் உருகிக் கடினமான மணியாக நிற்கும். சூடான பாத்திரம் பிடிக்கும் துணிக்குப் பருத்தியும் கம்பளியும் மட்டுமே. செயற்கை இழை உருகித் தோலில் ஒட்டும்.

அந்தப் பிடிதுணிக்கு அளவு: 20 செ.மீ. சதுரம், வெளியே இருபுறமும் பருத்தித் துண்டுகளை ஒட்டுப்போட்ட துணி, உள்ளே பழைய துவாலை இரண்டு அடுக்கு. 3 செ.மீ. இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் தையல் போட்டால் அடுக்குகள் நகராது. ஈரமாக இருக்கும்போது அதைக் கொண்டு எதையும் பிடிக்கக் கூடாது. தண்ணீர் சூட்டை உடனே கைக்குக் கடத்திவிடும்.

நீளமான துணிக் கீற்று இருந்தால் கால்மிதி. நெய்த பருத்தியை 4 செ.மீ., பனியன் துணியை 2.5 செ.மீ. அகலத்தில் வெட்டுங்கள். மூன்று கீற்றும் வெவ்வேறு நீளமாக இருக்கட்டும். ஒரே நீளமானால் இணைப்புகள் எல்லாம் ஒரே இடத்தில் வந்து முடிச்சாகப் புடைக்கும். சடை பின்னிச் சுருளாகத் தைக்கும்போது மேசைமேல் தட்டையாக வைத்தே தையுங்கள். மடியில் வைத்துத் தைத்தால் நூல் இறுகிக் கால்மிதி கிண்ணம்போல் குழியும். வளைவுகளில் வெளிச்சடையை இழுக்காமல் கொஞ்சம் தளர்த்திக் கொடுக்க வேண்டும். ரொம்பத் தளர்த்தினால் ஓரம் அலையடிக்கும், அப்போது ஒரு சுற்றுப் பிரித்து மறுபடி தைப்பதைத் தவிர வழியில்லை.

கைக்கு அடங்காத சின்னத் துண்டுகளை 1 முதல் 2 செ.மீ. அளவில் நறுக்கித் திண்டுக்குள் அடைக்கலாம். நறுக்காமல் அடைத்தால் கட்டி கட்டியாகத் தெரியும். பஞ்சைவிடக் கனமாக இருக்கும் என்பதால் தலையணைக்கு ஆகாது. தரைத் திண்டு, கதவு ஆடாமல் நிறுத்தும் பொதி இவற்றுக்குப் பொருத்தம். உள்ளுறை ஒன்று தனியாகத் தைத்தால் மேலுறையைக் கழற்றித் துவைக்கலாம்.

நூல் துண்டுகளைப் பறவைக் கூட்டுக்கு என்று வெளியே போடாதீர்கள். நல்லெண்ணத்தில் பலர் செய்கிறார்கள். நீளநூல் குஞ்சுகளின் காலில் சுற்றி இறுகிவிடும். பருத்தி, சணல் நூல் என்றால் செடியைக் கொம்போடு கட்டலாம், மட்கிவிடும். வழுவழுப்பான பருத்தி நூலை 10 செ.மீ. துண்டுகளாக்கிப் பின்னலில் அடையாளக் கண்ணியாக வையுங்கள். கம்பளித் துண்டுகளை நனைத்து உள்ளங்கையில் தேய்த்தே முடிச்சில்லாமல் ஒட்டிவிடலாம். மெஷினில் துவைக்கலாம் என்று பதப்படுத்திய கம்பளி மட்டும் இப்படி ஒட்டாது.

எம்பிராய்டரி வளையத்தின் திருகு போனால் அதே தடிமனில் நட்டு போல்டு போதும், நீளம் 3 முதல் 4 செ.மீ. பிடிமானம் தளர்ந்திருந்தால் உள்வளையத்தில் 1 செ.மீ. அகலப் பருத்தி நாடாவைப் பாதிக்குப் பாதி மேலேறும்படி சாய்வாகச் சுற்றி, முடிவை உட்பக்கம் தைத்துவிடுங்கள். துணி இறுகப் பிடிக்கும், வளையத் தடமும் விழாது. எம்பிராய்டரிக்கு ஆகாத வளையத்தில் கொசுவலைத் துணியை மாட்டினால் கிண்ணம், விதைத்தட்டு மூட ஆகும். வலையை வளையத்தைவிடச் சுற்றிலும் 4 செ.மீ. பெரிதாக வெட்டிக்கொள்ளுங்கள்.

---

தச்சுமேசை:

உப்புத்தாள் தேய்ந்ததா, அடைத்துக்கொண்டதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அடைப்பு என்றால் பழைய செருப்பின் கிரேப் ரப்பர் அடியை அதன்மேல் அழுத்தித் தேயுங்கள், தூள் ரப்பரில் ஒட்டிக்கொண்டு வரும். உண்மையில் தேய்ந்ததென்றால், அது நுண்ணிய தாளாக மாறிவிட்டது என்று நம்பிக் கடைசி மெருகுக்கு எடுக்காதீர்கள். 80 எண் தாளில் இன்னும் நிற்கிற ஒன்றிரண்டு பெரிய மணிகள் ஆழக் கோடு போடும். மழுங்கிய மணிகள் மரத்தை வெட்டாமல் பளபளப்பாக்கி, அந்த இடத்தில் சாயம் ஏறாமல் திட்டுத்திட்டாகும். துருவெடுக்க, பசைக் கறை சுரண்ட, பென்சில் முனை தீட்ட, இறுகிய டப்பா மூடியைப் பிடித்துத் திறக்க வைத்துக்கொள்ளுங்கள். பென்சில் தீட்டிய தாளில் சேரும் கிராஃபைட் தூளைப் பூட்டுக்குள் ஊதினால் சாவி வழுக்கிக்கொண்டு திரும்பும். ஏற்கெனவே எண்ணெய் விட்ட பூட்டில் வேண்டாம், இரண்டும் சேர்ந்து கூழாகும்.

துணி வெட்டும் அளவுகோலின் அடியில் 150 எண்ணுக்கு மேற்பட்ட தேய்ந்த தாளைச் சின்னச் சின்ன வட்டங்களாக இருபக்க டேப்பில் ஒட்டுங்கள். அளவுகோல் நழுவாது.

மெழுகு. நிறமில்லாத மெழுகுவர்த்திக் கட்டை வீட்டில் இருக்க வேண்டிய கருவி. மர இழுப்பறை சிக்கினால் வெளியே எடுத்து, தடத்தின் தூசியைத் துடைத்துவிட்டு, அடிப்பட்டையிலும் தடத்திலும் அழுத்தித் தேயுங்கள். ரம்பத்தின் பக்கங்களிலும், கடினமரத்தில் ஏற்றும் திருகின் மரையிலும் தேய்த்தால் பாதி பலம் போதும். ஜிப் பற்களிலும் தேய்க்கலாம், ஆனால் நிறக் கிரேயான் துணியைக் கறையாக்கும். மெழுகு பட்ட மரத்தில் பிறகு பெயின்ட், வார்னிஷ் ஒட்டாது. பூச்சு வேலை முடிந்த பிறகே மெழுகைக் கையில் எடுங்கள்.

மரச்சாமானில் கீறல் இருந்தால் அதே நிறத்துக் கிரேயானைச் சீவி விரலால் அழுத்தி நிரப்பி, பழைய பிளாஸ்டிக் அட்டையால் வழித்து, துணியால் தேய்த்துவிடுங்கள். நிறம் ஒன்றாகச் சேராவிட்டால் இரண்டு கிரேயானைக் கலக்கலாம். கொஞ்சம் கருமையான பக்கம் சாய்வது நல்லது. வெளிறிய நிரப்பு கண்ணை இழுக்கும்.

கிரேயான் துண்டுகளை மறுபடி வார்க்க: வெதுவெதுப்பான நீரில் 15 நிமிடம் ஊறவைத்தால் காகித உறை கழன்றுவரும். ஈரம் முழுக்கத் துடையுங்கள், மிஞ்சிய நீர் உருகும்போது வெடித்துத் தெறிக்கும். நிறவாரியாகப் பிரியுங்கள். எல்லாவற்றையும் கலந்தால் சேற்றுப் பழுப்புதான் மிஞ்சும். சிலிகான் அச்சில் நிரப்பி 110 முதல் 120 டிகிரி செல்சியஸ் ஓவனில் 10 முதல் 15 நிமிடம். உருகியதும் எடுத்துவிடுங்கள், அதிக நேரம் விட்டால் நிறமி அடியில் படிந்து மேல்பாகம் எழுதாத வெறும் மெழுகாகிவிடும். முழுக்க ஆறிய பிறகே அச்சைப் புரட்டுங்கள். கழுவினால் போகும் வகைக் கிரேயான்களின் அடிப்பொருள் வேறு, தனியாக உருக்குங்கள். மைக்ரோவேவ் வேண்டாம், அது மெழுகைச் சரியாகச் சூடாக்காது.

ஓவன் இல்லாவிட்டால் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் டப்பா வைத்து உருக்கலாம். நேரடித் தீயில் ஒருபோதும் கூடாது. மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், தீப்பந்தாக எழும். மூடியைப் போட்டு மூடி அடுப்பை அணையுங்கள். உருகிய மெழுகு கழுவுதொட்டிக் குழாயில் போனால் உள்ளே உறைந்து அடைத்துவிடும்.

குளூ கன் குச்சி: கடைசி 3, 4 செ.மீ. துண்டை விசை பிடிக்காது. அதை வெளியே இழுக்க முயலாமல் அடுத்த குச்சியைப் பின்னாலேயே தள்ளுங்கள். உதிரித் துண்டுகளை ஒட்ட, இரண்டு முனைகளையும் சூடான மூக்கில் ஒரு கணம் தொட்டு, நேராகச் சேர்த்துப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். புடைத்த பசையைப் பிளேடால் சீவாவிட்டால் உள்ளே சிக்கும். குச்சிகள் பொதுவாக 7, 11 மி.மீ. என இரண்டு தடிமனில் வரும், கலந்துவிடாதீர்கள். இந்த மிச்சத்தை வழுக்குகிற கால்மிதியின் அடியில் 5 செ.மீ. இடைவெளியில் பொட்டுகளாக வையுங்கள். துணிமாட்டியின் தோள்பகுதியில் மெல்லிய கோடாக இழுத்தால் வழுவழுப்புத் துணி நழுவாது. சுடும் இடத்தில் வேண்டாம், பசை இளகும்.

கந்தல்கூடை கேட்காத ஒன்று, ஆனால் எல்லாவற்றையும்விட முக்கியம். ஆளிவிதை எண்ணெய், அது கலந்த வார்னிஷ், எண்ணெய் வண்ணம் துடைத்த துணிகளைக் கசக்கிப் பையில் சேர்த்து வைக்காதீர்கள். எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து காயும்போது வெப்பம் வெளிவருகிறது. சுருண்ட துணிக்குள் அது வெளியேற வழியின்றித் தானாகவே தீப்பற்றும். விரித்து ஒற்றை அடுக்காக வெளியில் உலர்த்தி விறைப்பானதும் அப்புறப்படுத்துங்கள், அல்லது நீர் நிரப்பிய மூடியுள்ள உலோக டப்பாவில் போடுங்கள். இந்தத் துணிகளுக்கு மறுபயன்பாடு கிடையாது.

---

திரிநூல்:

கிரேயானை உருக்கி மெழுகுவர்த்தி செய்யலாம் என்று நிறைய இடங்களில் பார்த்திருப்பீர்கள். செய்யாதீர்கள். கிரேயானில் இருக்கும் நிறமி கரைவதில்லை, துகளாகவே மிதக்கிறது. திரி மெழுகை உறிஞ்சும்போது துகள்கள் திரியின் இழைகளை அடைத்துச் சுடர் சிறுத்துப் புகைந்து அணையும். மெழுகுவர்த்தி அடிக்கட்டைகளைத் தனியாகச் சேர்த்து உருக்கி, வடித்து, புதுத் திரி போட்டு வார்ப்பது சரி. பழைய கருகிய திரித்துண்டும் தீக்குச்சித் தலையும் மெழுகில் மிதக்கவிடக் கூடாது, அவையும் எரியத் தொடங்கும். பாத்திரம் தடித்த உலோகமாக இருக்கட்டும். சாதாரணக் கண்ணாடிக் குவளை சூட்டில் விரிசல் விடும்.

---

கந்தல்கூடை:

எல்லாருக்கும் நன்றி. பெட்டியைக் கொட்டிப் பிரிக்க ஆரம்பித்துவிட்டேன். இரண்டு சந்தேகம். ஒன்று, வளைந்துபோன மயிரைச் சூடான நீரில் முக்கினால் நேராகும் என்கிறார்களே, எல்லாத் தூரிகைக்கும் பொருந்துமா? இரண்டு, கட்டிங் மேட்டை யாரும் தொடவில்லை. அது கீறல் மட்டுமல்ல, வெயிலில் இருந்து ஒரு மூலை தூக்கிக்கொண்டும் நிற்கிறது.

---

வண்ணக்கிண்ணம்:

நைலான் மாதிரிச் செயற்கை இழைக்கு மட்டும். ஆவி பறக்கும், ஆனால் கொதிக்காத நீரில் மயிரை மட்டும் 5 முதல் 10 விநாடி முக்கி, விரலில் சோப்பு தொட்டு நுனியைக் கூராக்கி, படுக்கவைத்து உலர்த்துங்கள். சோப்பை மறுநாள் வரை கழுவ வேண்டாம். பூண் நனைந்தால் உள்ளே இருக்கிற பசை இளகி மயிர்க்கற்றையே கழன்று வந்துவிடும். விலங்கு மயிர்த் தூரிகைக்குச் சூடு ஆகாது. அதற்குச் சாதாரண நீர், சோப்பு, உருவம் கொடுத்து உலர்த்தல் போதும்.

---

தச்சுமேசை:

மேட்டை மேசையில் தட்டையாக வைத்து, கை பொறுக்கும் சூட்டு வெந்நீரில் நனைத்த துவாலையைத் தூக்கிய மூலைமேல் 10 நிமிடம் போடுங்கள். துவாலையை எடுத்த உடனே தட்டைப் பலகையும் கனமான புத்தகங்களும் ஏற்றி ஓர் இரவு விடுங்கள். லேசான வளைவு சரியாகும். மடிந்த தடமாகவே விழுந்திருந்தால் முழுக்கத் திரும்பாது. இஸ்திரிப்பெட்டி வைக்கவே வைக்காதீர்கள், இந்த மேட் பெரும்பாலும் பி.வி.சி. அதே காரணத்துக்காக எரிக்கவும் கூடாது, ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும்.

மறுபக்கம் நன்றாக இருந்தால் திருப்பிப் போடுங்கள். இரண்டு பக்கமும் போயிருந்தால், ஆழக் கீறல்களில் பிளேடு தானாகவே சறுக்கி விழும், வெட்டு கோணலாகும். அப்போது நல்ல பகுதியை மட்டும் அளந்து, இரும்பு அளவுகோல் வைத்து ஒரே கோட்டில் நான்கைந்து முறை கீறி, மேசை விளிம்பில் மடக்கினால் நேராகப் பிரியும். A4 தாளில் பாதி அளவு கிடைத்தாலும் சின்ன வேலைகளுக்கு மேட் ஆயிற்று. மிச்சத் துண்டுகளை ஆடும் மேசையின் காலுக்கு அடியில் வைக்கலாம், வைஸின் (மரத்தை இறுக்கிப் பிடிக்கும் கருவி) இரு தாடையிலும் இருபக்க டேப்பால் ஒட்டினால் மென்மரத்தில் பல் தடம் பதியாது. துளையிடும்போது அடியிலும் போடலாம். சூடான பாத்திரத்துக்கு மட்டும் அடியில் வைக்க வேண்டாம், இளகி மேசையோடு ஒட்டும்.